நினைவாற்றலுக்காக உடற்பயிற்சி: தோட்டத்துப் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முப்பது வருஷம் பால் மரம் வெட்டின உடம்பு. இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் அறுபதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். ரப்பர் மரம் சீவிய அந்த உழைப்பு பெரியதுதான். ஆனால் அதன் பலன் இபிஎஃப் சேமநிதிப் பணம்போல் சேர்ந்து நிற்பதில்லை. உடம்பு அசையும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) கட்டுக்குள் வருகின்றன. அசைவு நின்றால் சில வாரங்களிலேயே அந்தப் பலன் குறையத் தொடங்கும். மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. உடல் அசைவின்மை, உயர் ரத்த அழுத்தம், இனிப்பு நீர் மூன்றும் அதில் இருக்கின்றன. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபின் காலையிலேயே டிவி முன் உட்கார்ந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடப்பவர்களிலும் பலர் உலாத்துகிறார்கள், அவ்வளவுதான். மூச்சு சற்று வாங்க வேண்டும்; பேச முடியும், பாட முடியாது என்பதே சரியான வேகம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏற விடாது. அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சு அளவே நம்பகமானது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பழக்கமில்லாதவர் நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டினால் போதும்.

கை காலை நீட்டி மடக்குவது மட்டும் போதுமா? போதாது. 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு நினைவைக் காக்கும் மூளைப் பகுதி ஓராண்டில் 2 விழுக்காடு வளர்ந்தது. நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு அதே பகுதி 1.4 விழுக்காடு சுருங்கியது.

நடை மட்டும் போதும் என்று கால் வலுவை விட்டுவிடுவதும் தவறு. வாரம் இரண்டு நாள் நாற்காலிப் பயிற்சி செய்யுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி பின்னுக்கு வழுக்கும். கனமான நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றி, கைகளை மார்பில் கட்டி, முன்சாய்ந்து எழ வேண்டும். எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் 8. முட்டி வலித்தால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள், கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளலாம்.

சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றொன்றை வைத்து 10 வினாடி நிற்பது சமநிலைக்கு. இதை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும். விழுந்து தலையில் அடிபடுவதும் அந்த 14 காரணங்களில் ஒன்று. ஆகவே ஜப்பான் சிலிப்பரோடு செம்மண் சாலையில் நடக்காதீர்கள். குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்து வேண்டும். தோட்டத்தில் பெரட்டுக்கு (அதிகாலைப் பெயர்க் கணக்கு) போன பழக்கத்தில் விடியுமுன்பே கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வெளிச்சம் வர ஏழு மணி ஆகும். இருட்டில் செம்பனை லாரிக்கு உங்களைத் தெரியாது. புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் நடப்பது. ரத்தச் சர்க்கரை 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் முதலில் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், குழம்பிய பேச்சு இவையெல்லாம் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். "பாட்டிக்கு மறதி வந்துடுச்சு" என்று வீட்டார் அதைத் தவறாக நினைத்துவிடுவதுண்டு. நடந்து முடித்ததும் கோப்பிக் கடையில் பால்டின் போட்ட தே தாரே குடிப்பதும் வேண்டாம்; பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய வழியைத் தவறவிடுகிறார் என்றால், நடந்தால் சரியாகிவிடும் என்று மாதக் கணக்கில் காத்திருக்காதீர்கள். மறதி நோய் ஏற்கெனவே வந்தவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சியால் உடல் வலு கூடியது, மறதி குறையவில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூட இருந்து பார்த்தவர் ஒருவரும் உள்ளே வந்து, எப்போதிருந்து இந்த மாற்றம் என்று டாக்டரிடம் சொல்லட்டும்.