ரிஜெக்ட் ஆன மருந்து பேக்கிங் வேஸ்ட்: செலவு குறையணும்னா மெஷின் பக்கத்துல இருந்தே ஆரம்பிங்க

மாசக் கடைசில எரிக்கிறதுக்கான பில் வந்து நிக்கும்போதுதான் எல்லாரும் வேஸ்ட் பத்தியே பேசுவாங்க, உடனே ரேட்டைக் குறைங்கன்னு வெண்டர்கிட்ட பேரம் பேசுவாங்க. நானும் பேசியிருக்கேன், அதுல பெருசா ஒண்ணும் மிஞ்சாது. ரிஜெக்ட் ஆன பிளிஸ்டர், அதாவது மாத்திரை அட்டை, மெஷின்ல இருந்து எந்தப் பையில போய் விழுதுங்கறதுலதான் பாதி பில் முடிவாகிடுது.

ஏன்னா மாத்திரை ஒட்டியிருக்கற வேஸ்ட், மாத்திரை படாத வேஸ்ட் ரெண்டும் வேற வேற சரக்கு. முதல் வகை எரிக்கத்தான் போகணும், ரெண்டாவது வகையை ஸ்கிராப்பா விக்கலாம், இல்லன்னா குறைஞ்ச செலவுல அனுப்பலாம். ஆனா ரெண்டையும் ஒரே பையில போட்டா, உள்ள பத்து மாத்திரை கிடந்தாலும் மொத்தப் பையும் மருந்து வேஸ்ட் கணக்குலதான் எடை போடுவாங்க. அதனால முதல் வேலை, மெஷின் பக்கத்துலயே ரெண்டு கலர் பை, ரெண்டு டிரம். ரூமுக்கு வெளிய கொண்டு போய் அப்புறமா பிரிச்சுக்கலாம்னு நெனச்சா அது நடக்கவே நடக்காது, ஷிப்ட் முடியற நேரத்துல யாரும் பையைக் கொட்டி பொறுக்கிட்டு உக்கார மாட்டாங்க.

அடுத்து ஸ்டார்ட்அப். மெஷின் சூடாகி ஃபார்மிங் (ஃபிலிம்ல மாத்திரைக்கான குழி போடறது), சீலிங் (மேல ஃபாயில் ஒட்டறது) ரெண்டும் செட் ஆகுற வரைக்கும் வர்ற பிளிஸ்டர் எப்படியும் ரிஜெக்ட்தான், அப்ப எதுக்கு மாத்திரையை ஓட விடணும்? மாத்திரை போடற ஃபீடரை நிறுத்தி வெச்சுட்டு வெறும் ஃபிலிமும் ஃபாயிலும் மட்டும் ஓட்டுங்க, பாக்கெட், அதாவது அந்தக் குழி, சரியா வருதா, பேட்ச் நம்பர் பிரிண்ட் சரியான இடத்துல விழுதான்னு பாருங்க, காலி பிளிஸ்டர்லயே சீல் லீக் டெஸ்ட்டும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் மாத்திரையை விடுங்க. மாத்திரையோட ஒரு தடவை மறுபடி செக் பண்ணத்தான் வேணும், ஆனா அதுக்குள்ள விழுந்த ஸ்கிராப் எல்லாம் சுத்தமான ஸ்கிராப்பா போயிடும். ரோல் மாத்தும்போது ஜாயிண்ட் வர்ற இடத்துலயும் இதே மாதிரிதான், அந்த சில பாக்கெட்ல மாத்திரை விழாம பாத்துக்கிட்டா போதும்.

மெட்டீரியல் வாரியா பிரிக்கறதையும் விட்டுடாதீங்க. சாதாரண பிவிசி (பிளாஸ்டிக்) பிளிஸ்டர்னா 250 மைக்ரான் பிவிசி, 20 மைக்ரான் அலுமினிய ஃபாயில்னு வெச்சுக்கங்க, எடையில பாத்தா ஆறு பங்கு பிவிசிக்கு ஒரு பங்குதான் அலுமினியம் வரும். ரெண்டு பக்கமும் அலுமினியம் இருக்கற அலு அலு பிளிஸ்டர்ல அப்படி இல்ல, கீழ இருக்கற ஃபிலிம்லயே 45 மைக்ரான் அலுமினியம் இருக்கும், மேல ஃபாயிலையும் சேத்தா மொத்த எடையில பாதிக்கு மேல அலுமினியம்தான். இது ரெண்டையும் கலந்து வெச்சா வாங்குறவர் பிவிசி ரேட்டுதான் சொல்லுவாரு, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. அதோட பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அதை வடிகட்டறதுக்கு உலைக்காரங்களுக்கு தனிச் செலவு, அந்தச் செலவு நம்ம தலையிலதான் வந்து விடியும். பிளிஸ்டரை பஞ்ச் பண்ணி வெட்டினதுக்கப்புறம் மிஞ்சுற ஓர ட்ரிம் எல்லாத்தையும் மாத்திரை தூள் படாம தனியா சுத்தி எடுத்துட்டாலே எரிக்கற எடை நல்லாவே குறையும்.

கண்ணாடி வயல் (ஊசி மருந்து வர்ற சின்ன குப்பி) இருந்தா அதை சாதாரண பாட்டில் கண்ணாடியோட சேக்காதீங்க, அது போரோசிலிகேட்ங்கற வேற வகைக் கண்ணாடின்னா உருக இன்னும் அதிக சூடு வேணும்.

மாத்திரையோட ரிஜெக்ட் ஆன பிளிஸ்டருக்கு டீபிளிஸ்டரிங் மெஷின் இருந்தா மாத்திரை ஒரு பக்கம், காலி பிளிஸ்டர் ஒரு பக்கம்னு பிரிச்சுடும். எரிக்க வேண்டியது மாத்திரை மட்டும்னு ஆனா எடை எவ்வளவு இறங்கும்னு நீங்களே ஒரு டிரம் எடுத்து எடை போட்டுப் பாருங்க. காலி பிளிஸ்டர்ல தூள் ஒட்டியிருக்கும், அதை சுத்தமான ட்ரிம்மோட சேக்காம தனியா வெச்சு, எந்த வகையில அனுப்பலாம்னு க்யூஏ (தர உறுதி) டிபார்ட்மெண்ட்கிட்டயும் இஹெச்எஸ் (சுற்றுச்சூழல், பாதுகாப்பு) டிபார்ட்மெண்ட்கிட்டயும் எழுத்துல வாங்கிக்கங்க. பென்சிலின், ஹார்மோன், கேன்சர் மருந்து இதெல்லாம்னா இந்த வேலையே வேணாம், கைய வைக்காம அப்படியே எரிக்க அனுப்பிடுங்க. இங்க செலவு பாக்கக் கூடாது, பிரிக்கிற ஆளோட உடம்புதான் முக்கியம்.

பிரிண்ட் பண்ணின கார்ட்டன் (மருந்து டப்பா), லீஃப்லெட் (உள்ள வர்ற விவரச் சீட்டு), ஃபாயில் எதையும் முழுசா வெளிய விடாதீங்க. அது போலி மருந்து பண்றவன் கைக்குப் போனா என்ன ஆகும்னு யோசிங்க, யாரோ ஒரு நோயாளி நம்ம பேரை நம்பித்தான் அதை முழுங்குவாரு. முதல்ல எண்ணி பேட்ச் ரெக்கார்டுல ரிகன்சிலியேஷன், அதாவது வாங்கினது, பயன்படுத்தினது, மிஞ்சினது கணக்கு டேலி ஆகுதான்னு பாக்கறதை, முடிச்சுட்டு, அப்புறம் கம்பெனிக்குள்ளயே ஷ்ரெட் பண்ணுங்க. நீள நீளமா கிழிக்கிற ஷ்ரெட்டர் போதாது, துண்டை எடுத்துப் பாத்தா பேரு படிக்க முடியுதுன்னா இன்னும் பொடியா வெட்டணும். வெட்டின கார்ட்டன் பேப்பர் ஸ்கிராப்பா போகும், அலுமினியம் லேமினேட் ஆனது மட்டும் தனி.

லாரி ட்ரிப் கணக்குல காசுன்னா பேலிங் மெஷின்ல அமுக்கிக் கட்டுங்க, காலி பிளிஸ்டர் பாதி காத்துதான். எடை கணக்குன்னா கார்ட்டனை மழையில நனைய விடாதீங்க, டிரம்மோட காலி எடையை முன்னாடியே எழுதி ஒட்டி வைங்க, கிளம்புறதுக்கு முன்னாடி நம்ம தராசுல ஒரு தடவை போட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு, ரிஜெக்ட் பின்ல விழுறது எல்லாமே உண்மையான ரிஜெக்ட் இல்ல. ஒரு லைன்ல பல வாரமா பிளிஸ்டரை செக் பண்ற கேமரா நல்ல பிளிஸ்டரை எல்லாம் தள்ளிக்கிட்டே இருந்துச்சு, நாங்க ஃபாயில் சப்ளையரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம், கடைசில பாத்தா லென்ஸ்ல மாத்திரை தூள் படிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ரிஜெக்ட் பையிலயும் பேட்ச், எடை, காரணம் மூணையும் எழுதி ஒட்ட ஆரம்பிச்சோம். வெறும் ‘ரிஜெக்ட்’னு எழுதின பையை ஸ்டோர்ல வாங்கவே கூடாதுன்னு சொல்லிட்டோம். ஒரு மாசம் அந்த சீட்டை எல்லாம் எடுத்து எந்தக் காரணத்துல எடை அதிகம்னு கூட்டிப் பாருங்க, மொதல்ல கைய வைக்க வேண்டிய மெஷின் எதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.