ஆய்வுத் தலைப்பை அருகிலேயே தேடுங்கள்

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய சர்வதேசப் படிப்பான ஐ.பி. டிப்ளோமாவை அண்மையில் முடித்தேன். என் தூக்கத்தைத் தின்றவை ஆறு பாடங்கள் அல்ல, 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரைதான். ஏதோ உலகப் பிரச்சினையை எடுத்து மூன்று மாதங்களை வீணாக்கினேன். விடுமுறைக்குத் திருகோணமலை வந்து கன்னியாவில் குளித்தபோதுதான் புத்தி வந்தது: ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு சூடு! வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். வாளியோடு நின்ற அம்மா, "தண்ணீருக்குக் காய்ச்சலா, தம்பி?" என்றார்.

நீங்களும் கைக்கெட்டும் தலைப்பையே எடுங்கள். அளவுகளைத் திகதி, நேரத்துடன் அன்றே குறித்துவையுங்கள். வாசித்த நூலின் பக்க எண்ணையும்தான். கடைசி வாரத்தில் அதைத் தேடுவது தனி நரகம். 4,000 என்ற எல்லையைத் தாண்டிய சொற்களைப் பரீட்சகர் வாசிக்கமாட்டார். முடிவுரை அங்கே போய் மாட்டிக்கொள்ள விடாதீர்கள்.