பிரிவு 100 தெரியுமா? மனநல நெருக்கடியில் போலீஸை அழைப்பதும் பிறகு கணக்குக் கேட்பதும்

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தனக்குத்தானே கத்திக்கொண்டு, போகிற வருகிறவர்கள் மேல் கல்லை எறிந்துகொண்டு நிற்கிறார் என்று வையுங்கள். கூட்டம் கூடும், யாராவது போலீஸுக்கு போன் போடுவார்கள், போலீஸும் வரும். அதற்கப்புறம் என்ன நடக்க வேண்டும் என்று சட்டத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, ஆனால் கூட்டத்தில் நிற்கிற யாருக்கும் அது தெரியாது, பல நேரம் வந்த ஏட்டுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தால் கதையே மாறும், அது நீங்களாக இருக்கலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதில் பிரிவு 100. போலீஸ் போன் நம்பரும் 100 என்பதால் மறக்காது. ஒருவர் மனநலம் பாதிக்கப்பட்டுத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறார், அல்லது அந்தப் பாதிப்பால் அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. எதற்காக அழைத்துப் போகிறோம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும், அவருக்குப் புரியாத நிலை என்றால் அவருடைய நியமனப் பிரதிநிதியிடம் (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்). எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது, ஒரு ராத்திரிதானே என்றாலும் கூடாது. வீடில்லாதவர், ஊர் தெரியாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேட வேண்டியதும் ஸ்டேஷன் வேலைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழுக்குத் துணியோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக யாரையும் இந்தப் பிரிவில் தூக்க முடியாது. ஏழ்மை நோய் இல்லை. தெருவைச் சுத்தமாகக் காட்ட இந்தச் சட்டத்தை எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் எதிர்த்துக் கேளுங்கள்.

சரி, போனில் என்ன சொல்வது? "ஒரு பைத்தியம் கலாட்டா பண்ணுது சார்" என்றால் லத்தியோடுதான் வருவார்கள், ஏனென்றால் நீங்கள் சொன்னது சண்டை. "மனநலம் பாதிக்கப்பட்டவர் மாதிரி தெரிகிறது, பயந்துபோயிருக்கிறார், பிரிவு 100-இல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று சொல்லுங்கள். கையில் கத்தி, கட்டை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்பதையும் சொல்லுங்கள், வருகிறவர் எப்படி இறங்குவார் என்பது அதில்தான் இருக்கிறது. பெண் என்றால் பெண் போலீஸ் வேண்டும் என்று கேளுங்கள். கூடவே 108-க்கும் கூப்பிடுங்கள். போலீஸ் வரும்வரை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள், ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசினால் போதும், தண்ணீர் கொடுக்கலாம். வீடியோ எடுக்கிற ஆட்களை நிறுத்தச் சொல்லுங்கள். அடையாளம் காண ஒரு படம் தேவை என்றால் அதை எஸ்.ஐ.யிடம் கொடுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்.

ஸ்டேஷனில் வரக்கூடிய பதில் ஒன்று: "கோர்ட் ஆர்டர் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள்." அது பழைய 1987 மனநலச் சட்டத்தின் பழக்கம். பிரிவு 100-இல் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போகத் தேவையில்லை. மாஜிஸ்திரேட் வருவது வேறு இடத்தில்: வீட்டுக்குள் ஒருவரைக் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் ஸ்டேஷனில் சொல்லலாம், அவர்கள் பிரிவு 101-இன்படி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும். சங்கிலியில் கட்டுவதைப் பிரிவு 95 தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்துப்போனார்கள்.

மருத்துவமனையில் "இங்கே மனநல டாக்டர் இல்லை, கீழ்ப்பாக்கம் கொண்டுபோங்கள்" என்று கைகழுவினால் பிரிவு 94-ஐச் சொல்லுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற அவசரத்தில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம், மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பதும் அதில் அடங்கும். உங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு இந்த நிலை, ஆனால் ஆயுதமோ உடனடி ஆபத்தோ இல்லை என்றால், போலீஸுக்கு முன்னால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டுப் பாருங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இதெல்லாம் ஒரு நாள் கதை. உங்கள் மாவட்டப் போலீஸ் பொதுவாகவே இப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுதான் வழி. கவுன்சிலரிடம் போய்ப் பயன் குறைவு, நம்மூரில் போலீஸ் மாநில அரசின் கையில், நகராட்சியின் கையில் இல்லை. எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு (சென்னை மாதிரி நகரம் என்றால் கமிஷனர் அலுவலகம்) 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். கேள்வியை "ஏன் செய்யவில்லை" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். எண்ணிக்கையும் நகலும் மட்டும் கேளுங்கள்: கடந்த 3 ஆண்டில் ஸ்டேஷன் வாரியாகப் பிரிவு 100-இல் எத்தனை பேர் அழைத்துச் செல்லப்பட்டார்கள், எந்த மருத்துவமனைக்கு, அவர்களில் எத்தனை பேருக்குக் காணாமல் போனவர் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது, இது பற்றி ஸ்டேஷன்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளின் நகல், பிரிவு 30 சொல்கிற பயிற்சி எந்தத் தேதிகளில் எத்தனை போலீஸாருக்குத் தரப்பட்டது. யாருடைய பெயரும் கேட்காதீர்கள், நோயாளியின் பெயர் உங்களுக்குத் தேவையும் இல்லை, கேட்டால் மறுக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

நகராட்சிக்குத் தனியாக ஒரு மனு போடலாம், வீடற்றோர் தங்குமிடம் எத்தனை, எத்தனை படுக்கை என்று. ஏனென்றால் சேர்க்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த ஆளைப் போலீஸ் வீட்டுக்கோ இப்படி ஒரு இடத்துக்கோதான் கொண்டுபோக வேண்டும், இடமே இல்லை என்றால் மறுபடி தெருதான்.

30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. "விவரம் பராமரிக்கப்படவில்லை" என்று வந்தால் சோர்ந்துபோகாதீர்கள், அந்தக் கடிதம்தான் உங்களுக்குக் கிடைத்த நல்ல ஆதாரம். மூன்று ஆண்டில் ஒருவரைக்கூட எழுத்தில் பதிவு செய்யாத ஸ்டேஷன்களின் பட்டியல் அது. நகல் எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள், இன்னொன்றை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். இரண்டு இடத்திலும் ரசீது வாங்க மறக்காதீர்கள்.