டாஸ்க் மேனேஜரில் தெரியாத பெயர்: வைரஸா, நல்ல பிள்ளையா?

சும்மா கிடந்த லேப்டாப்பின் விசிறி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மிக்ஸி மாதிரி இரைந்தது. என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிடிஎஃப்மான்.எக்ஸ்இ (ctfmon.exe) என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்இ என்றால் இயங்கும் நிரல் கோப்பு. பெயரே சரியில்லை என்று பட்டது. நிறுத்தினேன், மறுபடி வந்தது. டாஸ்க் ஷெட்யூலருக்குள் போய் அதைக் கிளப்பிவிடும் வேலையையே முடக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஓர் எழுத்துகூட விழவில்லை. தமிழ் விசைப்பலகைக்கு மாறவும் முடியவில்லை. எழுத்து உள்ளீட்டையும் மொழி மாற்றத்தையும் கவனிக்கிற விண்டோஸின் சொந்தக் கோப்பைத்தான் முடக்கியிருக்கிறேன்! விசிறி இரைந்ததற்குக் காரணம் பின்னணியில் இறங்கிக்கொண்டிருந்த அப்டேட். அன்றிலிருந்து எந்தக் கோப்பையும் இந்த வரிசையில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. எங்கே குடியிருக்கிறது?

டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், அந்தப் பெயர் மேல் வலது சொடுக்கு, ஓபன் ஃபைல் லொக்கேஷன். விண்டோஸின் கோப்பு என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள், சிஸ்டம்32-இல் இருக்க வேண்டும். அதே பெயர் டெம்ப் ஃபோல்டரிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால் ஆள் மாறாட்டம்.

எழுத்துக் கூட்டியும் படியுங்கள். எஸ்விசிஹோஸ்ட் அசல். விசி இடம் மாறி எஸ்சிவிஹோஸ்ட் என்று இருந்தால் போலி. 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. ஆனால் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருப்பதெல்லாம் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஜூம், விஎஸ் கோட் போன்றவையும் அங்கே வந்து உட்காரும்.

2. கையெழுத்து இருக்கிறதா?

டிஜிட்டல் கையெழுத்து என்பது கோப்பு யாரிடமிருந்து வந்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கோப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைப் பாருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பார்த்தேன். சிடிஎஃப்மானுக்கு அந்தத் தாவலே இல்லை. "கையெழுத்து இல்லாத கோப்பு, ஆகவே வைரஸ்" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

விண்டோஸ் 10-இல் சிஸ்டம்32-க்குள் இருக்கும் நோட்பேடுக்கு இதே சோதனையைச் செய்து பாருங்கள். அதற்கும் தாவல் இருக்காது. மைக்ரோசாஃப்ட் தன் கோப்புகள் பலவற்றில் கையெழுத்தைக் கோப்புக்குள் வைப்பதில்லை. கேட்டலாக் என்ற தனிப் பட்டியலில் அவற்றின் ஹாஷை (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை மாதிரியான குறியீடு) எழுதி, அந்தப் பட்டியலில் ஒரே கையெழுத்தாகப் போட்டுவிடுகிறது. ப்ராப்பர்டீஸ் ஜன்னல் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் நான் இப்போது ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியைத்தான் நம்புகிறேன். மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவவும் வேண்டாம். ஆப்ஷன்ஸ் மெனுவில் வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸைத் தட்டினால் கேட்டலாக்கையும் சேர்த்துச் சரிபார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்திட்டவர் யார் என்று காட்டும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள், இல்லாவிட்டால் பாதி விவரம் வராது.

கையெழுத்து இருந்துவிட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. 2017-இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பு அசல் தளத்திலிருந்தே, முறையான கையெழுத்தோடு, உள்ளே நச்சு நிரலைச் சுமந்துகொண்டு வந்தது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் திருடிய கையெழுத்துகளோடு திரிந்தது. அடுத்த படி இதற்காகத்தான்.

3. ஊரைக் கேளுங்கள்

வைரஸ்டோட்டல் தளம் ஒரு கோப்பை எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களிடம் காட்டி முடிவு சொல்லும். எடுத்தவுடன் கோப்பை ஏற்றிவிடாதீர்கள். ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்க முடியும். ஆபீஸ் கோப்பு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அங்கே போகவே கூடாது.

ஹாஷை மட்டும் தேடினால் போதும். கோப்புகளைச் சுருக்க உதவும் 7-ஜிப் இருந்தால் வலது சொடுக்கில் சிஆர்சி எஸ்ஹெச்ஏ, அதில் எஸ்ஹெச்ஏ-256. வரும் 64 எழுத்தை நகலெடுத்துத் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸ் மெனுவிலேயே வைரஸ்டோட்டல் சோதனையும் இருக்கிறது. அதுவும் ஹாஷைத்தான் அனுப்பும், தெரியாத கோப்புகளை ஏற்றச் சொல்லும் வரியை நீங்கள் டிக் செய்யாத வரை.

எழுபதில் ஒன்றோ இரண்டோ, அதுவும் கேள்விப்படாத பெயர்கள், 'ஜெனரிக்' என்று பொதுவாகக் குறை சொன்னால் நான் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்வேன். காஸ்பர்ஸ்கி, ஈசெட், மைக்ரோசாஃப்ட், பிட்டிஃபெண்டர் நாலும் ஒரே குரலில் சொன்னால் பேச்சுக்கே இடமில்லை. வைரஸ்டோட்டலின் டீடெய்ல்ஸ் பக்கத்தில், கோப்பு அங்கே முதன்முதலில் எப்போது வந்தது என்ற தேதியையும் பாருங்கள். 'பல வருடப் பழைய மென்பொருள்' என்று சொல்லப்படும் கோப்பு நேற்றுத்தான் முதலில் தென்பட்டிருக்கிறது என்றால் ஏதோ இடிக்கிறது. பூஜ்யம் வந்தாலும் புத்தம்புதுக் கோப்பாக இருந்தால் இரண்டு நாள் பொறுத்து மறுபடி பார்ப்பேன்.

"இந்த எக்ஸ்இ என்ன?" என்று கூகுளில் தேடினால் வரும் தளங்களில் பாதி, கடைசி வரியில் "எங்கள் க்ளீனரை இறக்குங்கள்" என்று முடியும். அந்த க்ளீனரை இறக்கினால் அதற்கும் இதே மூன்று படி செய்ய வேண்டிவரும்.

பின்சேர்க்கை 1: விண்டோஸ் 11-இல் 7-ஜிப் மெனு காணவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வலது சொடுக்கிய பிறகு ஷோ மோர் ஆப்ஷன்ஸ் போங்கள், அங்கே இருக்கும்.

பின்சேர்க்கை 2: ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கியபின் ஃபோல்டரைத் திறந்தால் திறக்கவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அது ஃபோல்டரே இல்லை, ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்ட எக்ஸ்இ. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை டிக் செய்துவையுங்கள். வேஷம் உடனே தெரிந்துவிடும். 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' மாதிரி இரட்டை வால் வைத்துக்கொண்டு வருவதும் இதில் மாட்டும். உங்கள் அசல் ஃபோல்டர் பெரும்பாலும் அதே டிரைவில்தான் மறைத்துவைக்கப்பட்டிருக்கும். ஹிடன் ஐட்டம்ஸையும் டிக் செய்து பாருங்கள், அதற்குள் ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள் அக்கா.