எல்லாத் திட்டும் ‘ஸ்கோல்ட்’ இல்லை

‘மேனேஜர் என்னைத் திட்டினார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதப்போனால் கை தானாக ‘ஸ்கோல்ட்’ என்று போடும். அது பெரும்பாலும் குழந்தையைக் கண்டிக்கிற சொல். அலுவலக மெயிலில் வந்தால் நீங்கள் ஏழு வயதுப் பிள்ளை மாதிரித் தெரிவீர்கள்! பேச்சுக்கு ‘டெல் ஆஃப்’ போதும். மெமோ கொடுத்து முறைப்படி கண்டித்தால் ‘ரெப்ரிமாண்ட்’. நிற்கவைத்து வறுத்தெடுத்தால் ‘பெரேட்’ (berate). கடுமையாகச் சாடுவதைச் சொல்லும் ‘ஸ்லாம்’ செய்தித் தலைப்புக்காரர்களின் செல்லம்: ஆங்கிலத்தில் நாலே எழுத்து, இடம் மிச்சம். ‘கிரிட்டிசைஸ்’ என்றால் குறை சொல்வது, குரல் உயரவே வேண்டாம்.

அப்புறம், ‘ஷவுட் அட்’ கோபத்தில் கத்துவது. ‘ஷவுட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வது, அவ்வளவுதான்.