மரபணு மாற்றுப் பயிர்: மக்கள் கருத்தைக் கேட்டறிவது எப்படி

"மரபணு மாற்றுப் பயிரை அனுமதிக்கலாமா, கூடாதா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் கிடைக்கும் விடை எதற்கும் உதவாது. அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: வயலில் விதைக்கலாமா, கடையில் விற்கலாமா, விற்றால் நீங்கள் வாங்குவீர்களா, பொட்டலத்தில் அதைக் குறிப்பிட வேண்டுமா. விற்கச் சம்மதிப்பவரே தன் வீட்டுக்கு வேண்டாம் என்பார். நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எந்தப் பயிர், எதற்காக மாற்றப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். களைக்கொல்லியைத் தாங்கும் சோயா, காய்ப்புழுவை எதிர்க்கும் பிடி பருத்தி, பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) கூட்டிய தங்க அரிசி மூன்றும் ஒன்றல்ல. "நோயைத் தடுக்கும்", "இயற்கைக்கு மாறான" போன்ற அடைமொழிகளை ஈவிரக்கமின்றி வெட்டுங்கள்.

அதிகம் தவறு நடப்பது பொட்டலக் குறிப்பு பற்றிய கேள்வியில்தான். 2013-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, உணவுப் பொட்டலத்தில் இன்னும் என்ன தகவல் வேண்டும் என்று முதலில் பொதுவாகக் கேட்டது. மரபணு மாற்றத்தைத் தாமாகச் சொன்னவர்கள் 7 விழுக்காடு. நேரடியாகக் கேட்டபோது 73 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். 2015-இல் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகக் கணிப்பில் டி.என்.ஏ. உள்ள உணவுக்கே கட்டாயக் குறிப்பு வேண்டும் என்றவர்கள் சுமார் 80 விழுக்காடு. எல்லாக் காய்கறியிலும் டி.என்.ஏ. உண்டு! ஆகவே திறந்த கேள்வி முதலில், நேரடிக் கேள்வி பிறகு. அறிவிக்கும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"எனக்குப் போதிய அளவு தெரியாது" என்ற கட்டம் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019–20-இல் உலகின் 20 இடங்களில் கேட்டபோது, இடைநிலை அளவாக (இடங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 48 விழுக்காட்டினர் மரபணு மாற்று உணவு பாதுகாப்பற்றது என்றனர், 13 விழுக்காட்டினர் பாதுகாப்பானது என்றனர், 37 விழுக்காட்டினர் தெரியாது என்றனர். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் இந்த மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு பக்கம் தள்ளப்படுவார்கள்.

"சாதாரணத் தக்காளியில் மரபணு இல்லை: சரியா, தவறா?" போன்ற அறிவுக் கேள்விகளைக் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால் தேர்வு எழுதும் பதற்றம் வந்து, மற்ற விடைகளும் மாறிவிடும். தவறாக விடை சொன்னவரின் எதிர்ப்பைக் கணக்கில் கொள்ளாமல் விடவும் கூடாது. விதை யார் கையில் இருக்கும் என்ற கவலைக்கு உயிரியல் பாடம் பதிலாகாது. அதற்கென்று தனிக் கேள்வி வையுங்கள்.

களத்துக்குப் போகுமுன் பத்துப் பதினைந்து பேரிடம் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவரவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீரிய ஒட்டு ரகத்தையும் விதையில்லாப் பழத்தையும் மரபணு மாற்றுப் பயிர் என்று எண்ணுபவர்கள் அப்போதே தெரிவார்கள். இரண்டு வரி விளக்கத்தைக் கேள்விக்கு மேலே சேர்த்து, மறுபடி சோதியுங்கள்.

ஆட்களை நீங்கள்தான் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். 2003-இல் மரபணு மாற்றுப் பயிர் பற்றிப் பிரிட்டன் நடத்திய பொது விவாதத்தில் சுமார் 37,000 படிவங்கள் வந்தன. எழுதியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உறுதியான நிலைப்பாடு கொண்டவர்கள். வலிந்து வருபவர்கள் எத்தனை ஆயிரம் பேரானாலும் ஊர்க் கருத்தாகிவிட மாட்டார்கள். முறையாகக் குலுக்கி எடுத்த 1,000 பேரில் பிழை வரம்பு (கிடைத்த விழுக்காடு உண்மையிலிருந்து கூடவோ குறையவோ விலகக்கூடிய அளவு) ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளி, 400 பேரில் 5. அந்த 1,000 பேரில் விவசாயிகள் 100 பேர் மட்டுமே என்றால் அவர்களுக்கான வரம்பு 10 புள்ளியாகிவிடும். விவசாயிகளின் கருத்து தனியாகத் தேவையென்றால் அவர்களைக் கூடுதலாகச் சேர்த்துக் கேட்டு, மொத்தக் கணக்கில் அவர்கள் விடைகளின் எடையை மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கின் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.