இரண்டாம் பாகத்தை முகாமுக்கு அனுப்பும் முன்

2003இல் வந்த ஹாலிவுட் குடும்ப நகைச்சுவை 'டாடி டே கேர்' ஒன்றும் காவியம் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க 16 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2007இல் அதே குடும்பத்தைக் கோடை முகாமுக்கு அனுப்பி 'டாடி டே கேம்ப்' எடுத்தார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அதைப் பாராட்டிய விமர்சகர்கள் 1 சதவீதம். மோசமான படங்களைக் கிண்டல் செய்து கொடுக்கும் ராஸி விருதுகளில், மோசமான தொடர்ச்சிப் படத்துக்கான விருதும் வந்து சேர்ந்தது. குடும்ப நகைச்சுவைக்கு அடுத்த பாகம் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்.

கண்ணில் படும் முதல் தவறு, பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றியது. முதல் படத்தில் எடி மர்ஃபி நடித்த அப்பா சார்லியாக இதில் கூபா குடிங் ஜூனியர் வருகிறார். ஆஸ்கர் வாங்கிய நடிகர்தான், ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் மர்ஃபியோடு ஒப்பிடப்படுகிறார். பழைய நடிகர் கிடைக்கவில்லையா, புதுப் பாத்திரத்தை எழுதுங்கள். (நழுவிய மர்ஃபிக்கு அதே ராஸி விழாவில் 'நார்பிட்' படத்துக்காக மூன்று விருது. அதிலும் குடிங் இருந்தார்!)

இதைவிடப் பெரிய தவறு, முதல் படம் ஏன் ஓடியது என்று யோசிக்காதது. அதில் சார்லிக்கு வேலை போகிறது, மனைவி வேலைக்குப் போகிறாள், மகனின் பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. வேறு வழியில்லாமல் சொந்த வீட்டிலேயே காப்பகம் தொடங்குகிறான். பிள்ளைகள் எதை உடைத்தாலும் அது அவன் வீட்டுச் சாமான். சிரிப்பு அங்கேதான் பிறந்தது. முகாம் படத்திலோ சிறுவயதில் தோற்ற போட்டி, பழைய எதிரி, கர்னல் அப்பாவோடு மனத்தாங்கல் என்று எல்லாமே பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகள் அதைத் தீர்த்து வைக்க வந்த ஆட்கள் ஆகிவிடுகிறார்கள்.

பணக்கார முகாம், ஏழை முகாம், கடைசியில் விளையாட்டுப் போட்டி என்பதும் 1979இல் வந்த 'மீட்பால்ஸ்' காலத்திலிருந்து அரைத்த மாவுதான்.

முகாமுக்குப் போனாலே படம் கெட்டுவிடும் என்று இல்லை. 1993இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி வேல்யூஸ்' படமும் இரண்டாம் பாகம்தான். அதே இயக்குநர், முக்கியமான முகங்களும் அவையே. சிரிக்கவே சிரிக்காத ஆடம்ஸ் வீட்டு மகள் வென்ஸ்டேயை, சதா சிரிக்கச் சொல்லும் முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அடங்காதவளை ஒரு குடிசையில் பூட்டி இனிப்பான குடும்பப் படங்களாகப் போட்டுக் காட்டுகிறார்கள். வெளியே வந்தவள் எல்லார் முன்னாலும் மெல்ல, சிரமப்பட்டுப் புன்னகைக்கிறாள். பார்த்த பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். இந்த நகைச்சுவை அவளுக்கு மட்டும், அந்த இடத்தில் மட்டும்தான் நடக்கும். முகாமுக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த இடம் இந்த ஆளை என்ன பாடு படுத்தும்?

அதற்குப் பதில் இல்லாதபோதுதான், 'டாடி டே கேம்ப்' போல, பேருந்தில் நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு ஏறுகிறது, கழிவறை வெடிக்கிறது. குழந்தைகள் கழிவறை ஜோக்குக்குச் சிரிப்பார்கள், சரி. காட்சிக்குக் காட்சி அதையே ஒட்டுப்போட்டால் கூட்டி வந்த பெற்றோர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த 'டாடி டே கேம்ப்', உலக அளவில் 1 கோடியே 80 லட்சம் வரை வசூலித்தது. கணக்குப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் தவறு என்று சொன்னால் எடுபடாது.